சந்திரா அக்காவின் பத்தியம்

"உதைக் குடிச்சா என்ன, பிள்ளை?"

என் கையில் இருந்த ஊசியைக் காட்டிச் சந்திரா அக்கா தன் யாழ்ப்பாணத் தமிழில் இப்படிக் கேட்டார். ஜெர்மனியின் ஆஹென் நகரில் எங்கள் ஆய்வகத்தின் பசுமைக்குடில். வெளியே ஈரக் குளிர், உள்ளே வேர்த்துக் கொட்டுகிற புழுக்கம். அக்காவின் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி. குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, ஒரு குடுவைச் செடியின் முன்னால் நின்றிருந்தார்.

இலை நுனியிலிருந்து ஒரு கொடி இறங்கி, அதன் முனையில் குடுவை தொங்கும். மூடி இன்னும் திறக்காத இளம் குடுவையைத்தான் நான் எப்போதும் தேடுவேன். திறந்துவிட்டால் ஈ, எறும்பு, கிருமி எல்லாம் உள்ளே போய்விடும். மூடிய குடுவைக்குள் செடி தானாகச் சுரந்து வைத்திருக்கும் நீர் சுத்தமானது. ஊசியைப் பக்கவாட்டில் குத்தி மெல்ல இழுத்தால் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுவென்று வரும்.

"குடிக்கிறதா? அக்கா, அது பூச்சியைக் கரைக்கிற தண்ணிக்கா!"

"பூச்சியைக் கரைக்கட்டும். கோதுமையையும் கரைக்குது எண்டு நீர்தானே சொன்னீர்?"

சொன்னது நான்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும். போன வாரம் ஆஹென் பேருந்துகளைத் திட்டியதற்கே நாலைந்து பேர் கோபித்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். இந்த வாரம் யாரையும் திட்டப் போவதில்லை. திட்டுவதற்கு ஒருவர் கிடைத்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருக்கும்.

செடிக்கு எதற்கு அந்தக் கத்தி?

நான் மதுரைக்காரி. இந்த ஊருக்கு வந்தது குடுவைச் செடியின் நொதிகளைப் பற்றி ஆராய. வீட்டில் இதை விளக்கவே முடிந்ததில்லை. "செடியோட எச்சிலை ஆராயிறா" என்று அப்பா கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் பாதி சரிதான்.

புரதம் என்பது மணிகள் கோத்த சரம். நாம் சாப்பிட்டதும் வயிற்றில் இருக்கும் நொதிகள் அந்தச் சரத்தைத் துண்டு துண்டாக வெட்டும். கோதுமைப் புரதத்தில் புரோலின் என்று ஒரு மணி அடிக்கடி வரும். அந்த இடத்தில் வெட்ட நம் நொதிகளுக்குத் தெரியாது. பாதி வெட்டிய நீளத் துண்டுகள் குடலுக்குப் போகும். நமக்கெல்லாம் அதனால் ஒன்றும் ஆகாது. சீலியாக் என்ற நோய் உள்ளவர்களுக்கு மட்டும் உடம்பு அந்தத் துண்டைப் பகை என்று எண்ணிச் சண்டைக்குக் கிளம்பி, தன் குடலையே புண்ணாக்கிக்கொள்ளும். ஒரு சிட்டிகை போதும்.

குடுவைச் செடியின் நொதிக்கு அந்த இடத்தில் வெட்டத் தெரியும். புளித்த நீரில், நம் வயிறு மாதிரியே அமிலத்தில், சோதனைக் குழாய்க்குள் கோதுமைப் புரதத்தைக் கண்முன்னே கந்தல் ஆக்கிவிடும். இதில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு. கோதுமைக்கு இறக்கை இல்லை, பறந்து வந்து குடுவைக்குள் விழப் போவதும் இல்லை. அதைச் சந்தித்தே இராத செடியிடம் கத்தி இருக்கிறது. மூன்று வேளையும் தின்கிற நம்மிடம் இல்லை.

வுப்பர்டால் வீடு

ஜெர்மனிக்கு வந்த புதிதில் ஆஹெனில் அறை கிடைக்காமல், வுப்பர்டாலில் ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்தின் மேலறையில் இருந்தேன். தினமும் ரயிலில் போய் வந்தேன். அந்த வீட்டுக்காரர்கள்தான் சந்திரா அக்காவும் அவர் கணவர் தவம் அண்ணையும். பிள்ளைகள் இல்லை. அகதியாக வந்து, மொழி படித்து, அக்கா முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலையில் இருந்தார். அண்ணை ஒரு தொழிற்சாலையின் உணவுக்கூடத்தில் சமையற்காரர்.

நான் அங்கே இருந்த காலத்தில்தான் அக்காவுக்கு சீலியாக் என்று கண்டுபிடித்தார்கள். அன்று தவம் அண்ணை செய்ததை நான் கண்ணால் பார்த்தேன். ரொட்டி சுட்ட தாச்சியைத் தூக்கி வெளியே வைத்தார். மரக்கரண்டிகள் எல்லாம் குப்பைக்குப் போயின. மாப்பெட்டியைத் துடைத்ததோடு விடாமல், அது இருந்த தட்டையும் கழற்றிக் கழுவினார். எந்தக் கறியில் கோதுமை, எதில் முட்டை என்று இந்த நாட்டு உணவுக்கூடங்களில் ஒவ்வொன்றுக்கும் எழுதி ஒட்ட வேண்டும். அது அவருடைய அன்றாட வேலை.

"சோயாச் சோசில கோதுமை இருக்கு, தெரியுமோ தங்கச்சி? சனத்துக்குத் தெரியாது. நான் விடமாட்டன்" என்றார்.

தானும் பாணை, அதாவது பேக்கரி ரொட்டியை, நிறுத்தினார். காலையில் பேக்கரி வாசலில் நின்று வாசத்தை இழுத்துவிட்டு நடக்கிற மனுஷன், அதற்குப் பிறகு எதிர்ப்பக்கமாகப் போய்வந்தார்.

அக்காவுக்குப் பத்தியச் சாப்பாடு. சோறு, கீரை, மத்தியானம் மோர், இரவு மிளகு ரசம். மோரிலும் ரசத்திலும் பெருங்காயம். எங்கள் வீட்டில் போடுவதைவிடக் கூடுதல். நானே கேலி செய்திருக்கிறேன்.

"அண்ணே, வாசம் ஸ்டேஷன் வரைக்கும் வருது!"

"வயித்துக்கு உதைவிட வேற என்ன மருந்து இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்? என்ர அம்மாவுக்கும் உதுதான், அவவின்ர அம்மாவுக்கும் உதுதான்."

மதுரையிலும் அப்படித்தான். எங்கள் தெருவில் பச்சைக் குழந்தைக்கு வயிறு உப்பினாலும் பெருங்காயத்தைத்தான் குழைத்துத் தொப்புளைச் சுற்றிப் பூசுவார்கள்.

பத்தியத்தில் பிழை

நான் ஆஹெனுக்கு அறை மாறிப் போன பிறகும் மாதம் ஒருமுறையாவது வுப்பர்டாலுக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு முறையும் அக்கா கொஞ்சம் சுருங்கியிருப்பார். வளையல் முழங்கை வரை ஓடியது. முதியோர் இல்லத்தில் கிழவர்களைத் தூக்கி உட்கார வைத்த கை, தேநீர்க் கோப்பையைத் தூக்க மற்றக் கையைத் துணைக்குத் தேடியது.

அண்ணை ரசத்தில் பெருங்காயத்தைக் கூட்டினார். நோவு கூடக் கூட, இன்னும் கூட்டினார்.

டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துப் போகிற ஒவ்வொரு தெர்மினிலும் இரத்தப் பரிசோதனை. ஒவ்வொரு முறையும் ஒரே முடிவு: உடம்புக்குள் கோதுமை போய்க்கொண்டிருக்கிறது. கடைசியில் டாக்டர் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பி ஒரு சொல் சொன்னாராம். டியேட்ஃபேலர். பத்தியத்தில் பிழை.

"எங்கயோ ஒளிச்சுத் தின்னுறன் எண்டு நினைக்கினம்" என்று அக்கா என்னிடம் போனில் அழுதார். "வேலை செய்யிற இடத்தில, காலமை காலமை அந்தச் சனத்துக்குப் பாண் வெட்டி வெண்ணெய் பூசிக் குடுக்கிறன். விரலைக்கூட நக்கினதில்லை. முருகன்மேல சத்தியம், பிள்ளை."

"நான் நம்புறேன்க்கா."

"நீர் நம்பி என்ன? இவரும் ஒருநாள் கேட்டுப்போட்டார். 'உண்மையைச் சொல்லும், நான் ஏச மாட்டன்' எண்டு. முப்பது வருசம் ஒண்டா இருந்த மனுசன்."

அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. நோவைப் பற்றிச் சொன்னபோது உடையவில்லை.

மறுபடி பசுமைக்குடில்

அந்த நாட்களில்தான் அக்கா ஆஹெனுக்கு வந்தார். என் செடியை ஒருதரம் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தவர் குடிக்கக் கேட்டார்.

நான் மாட்டேன் என்றேன். கெஞ்சினார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு கரண்டி. ரசத்தோட சேத்துக் குடிக்கிறன். உள்ளுக்க என்ன போனாலும் வெட்டிப்போடும்தானே?"

"குழாய்க்குள்ள வெட்டுதுக்கா. வயித்துக்குள்ள என்ன பண்ணும்னு யாருக்குமே தெரியாது. மருந்தா வரணும்னா பல வருஷம் ஆகும்."

"எனக்கு எங்க பல வருசம்?"

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கால் வைத்தியன்கூட இல்லை, செடி டாக்டர். கொடுக்க மனம் வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பதை நான் பழமொழியாகக் கேட்டு வளர்ந்தவள். அன்று ஊசி நிறைய நீரை வைத்துக்கொண்டு கண் எதிரே நின்று அதைப் பார்த்தேன்.

அக்கா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். என் மேசைக்கு வந்து உட்கார்ந்தவர், அங்கே கிடந்த குச்சிகளைக் காட்டி அது என்ன என்றார். கர்ப்பம் பார்க்கிற குச்சி மாதிரி இருக்கும். நொதி எல்லாவற்றையும் வெட்டி முடித்துவிட்டதா என்று பார்க்க நாங்கள் பயன்படுத்துவது. கரைசலில் நனைத்தால், கோதுமைப் புரதம் மிச்சம் இருந்தால் கோடு விழும்.

அக்கா நிமிர்ந்தார்.

"அப்ப உதால என்ர குசினியைப் பாரும். நான் கள்ளி இல்லையெண்டு டொக்டருக்கும் இவருக்கும் காட்டோணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

கோடு

அடுத்த வாரம் அண்ணை வேலையில் இருந்த நேரத்தில் நானும் அக்காவும் சமையலறையில் இருந்த எல்லாவற்றிலும் ஒரு கரண்டி அள்ளிச் சிறு பைகளில் போட்டோம். அரிசி மா, மிளகாய்த்தூள், மல்லி, சீரகம், அப்பளம். அக்கா ஒவ்வொரு பையிலும் பெயர் எழுதினார். போத்தல்கள் எல்லாம் பளபளவென்று துடைத்திருந்தன. கடையிலிருந்து வருகிற எதையும் கழுவிய கண்ணாடிப் போத்தலில் கொட்டி, பழைய டப்பாவை எறிந்துவிடுவது அண்ணையின் வழக்கம்.

ஆய்வகத்தில் மத்தியான இடைவேளையில் ஒவ்வொன்றாகக் கரைத்துக் குச்சியை நனைத்தேன். ஒன்றிலும் கோடு இல்லை. மனுஷன் என்ன சுத்தம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

பெருங்காயத்தில் விழுந்தது. வெளிறிய கோடு அல்ல, ரத்தச் சிவப்பாக.

இன்னொரு குச்சியில் பார்த்தேன். அப்புறம் இன்னொன்றில். பிறகு ரயில் ஏறி டுசல்டோர்ஃபில் இறங்கி, அண்ணை வழக்கமாகச் சாமான் வாங்கும் தமிழ்க் கடையில் அதே பெருங்காய டப்பாவை எடுத்துத் திருப்பினேன். எறும்பு எழுத்தில் இருந்தது. பெருங்காயம் கொஞ்சம், மிச்சம் கோதுமை மா.

பெருங்காயப் பிசினை அப்படியே பொடித்தால் காரம் தாங்காது, கட்டி தட்டும். அதனால் மா கலந்துதான் விற்கிறார்கள். இதில் ரகசியமோ மோசடியோ எதுவும் இல்லை, டப்பாவிலேயே போட்டிருக்கிறது. சோயாச் சோசின் பின்பக்கத்தைக் கண்ணாடி போட்டு வாசித்த தவம் அண்ணை இதை மட்டும் வாசிக்கவில்லை. வாசிக்கத் தோன்றாது. அவருக்கு அது சாப்பாட்டுச் சாமான் இல்லை, மருந்து. மருந்தில் யார் கோதுமையைத் தேடுவார்கள்? நம் ஆட்களில் யார் வீட்டிலும் தேட மாட்டார்கள். கடை வாசலில் நின்று அந்த டப்பாவைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு ஜெர்மன் பாட்டி எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி ஜன்னல்

அதற்குள் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். குடலுக்குள் குழாய் விட்டுத் துணுக்கு எடுத்திருந்தார்கள். அந்த முடிவு வரவில்லை. நடைக்கூடத்தின் கடைசியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. சொன்னேன்.

முதலில் சிரித்தார். "நான் கள்ளி இல்லை" என்றார். "பாத்தீரே? நான் கள்ளி இல்லை."

சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. ரசத்தை யார் வைத்தது என்பது அப்போதுதான் எட்டியிருக்க வேண்டும். சேலைத் தலைப்பைத் தேடுகிற மாதிரி கை தோளுக்குப் போய், ஆஸ்பத்திரி அங்கியைப் பற்றிக்கொண்டது.

"இவருக்குச் சொல்லிப்போடாதேயும்."

"அக்கா..."

"டொக்டரிட்ட நானே சொல்லுறன். இவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மனுசன் உயிரோட இருக்காது. என்ர தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணும்."

"உங்களைச் சந்தேகப்பட்டாரேக்கா. நீங்க ஒளிச்சுத் தின்னலைன்னு அவருக்கும் காட்டணும்னுதானே கேட்டீங்க?"

"அவர் சந்தேகப்பட்டது கிடக்கட்டும். நான் கள்ளியாவே இருந்திட்டுப் போறன்."

சத்தியம் செய்தேன். அக்கா கொடுத்த சாவியை வாங்கிப் போய், அரிசி மா கலந்த வேறு பெருங்காயத்தைத் தேடி வாங்கி, குச்சியில் பார்த்து, கோடு விழாததை உறுதி செய்து, அதே போத்தலில் நிரப்பினேன். பழையதைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வாசம் கையை விட்டுப் போகவே இல்லை.

துணுக்கின் முடிவு அந்த வாரக் கடைசியில் வந்தது. நாட்பட்ட புண் புற்றாகியிருந்தது. அந்தத் தூள்தான் காரணமா என்று அக்கா டாக்டரிடம் கேட்டிருக்கிறார். டாக்டர் நல்ல மனுஷி, பொய் சொல்லவில்லை. இருக்கலாம், பத்தியம் சரியாக இருந்தும் சிலருக்கு இப்படி ஆகிறது, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகத் தெரிந்திருந்தால் ஒரு பக்கமாக அழுது தீர்த்திருப்போம்.

கோடை முழுக்க நான் போய் வந்தேன். அண்ணை வீட்டிலிருந்து ரசம் கொண்டுவருவார். அக்கா இரண்டு வாய் குடித்துவிட்டு, "நல்லாயிருக்கு" என்பார். இலை உதிரத் தொடங்கியபோது அதுவும் நின்றது. ஒரு பகல் பொழுதில், அண்ணை மருந்தை எடுக்கப் போன இடைவெளியில், சந்திரா அக்கா போய்விட்டார்.

அதே காலத்தில் என் ஆய்வுக்கான நிதியும் முடிந்தது. செடிகளை வேறொரு தோட்டத்துக்குக் கொடுத்தார்கள். நொதி ஏதோ ஒரு உறைபெட்டியில் கிடக்கும். அதைப் பற்றி வருத்தப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

நடைமேடை

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த மறுநாள் காலை, தவம் அண்ணை என்னை வுப்பர்டால் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டார். சவரம் செய்யாத முகம். ரயில் தாமதம் என்று அறிவித்தார்கள். இரண்டு பேரும் இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"தங்கச்சி, போத்தலில தூளை மாத்தினது நீங்கள்தானே?"

நான் தண்டவாளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பயப்பிடாதேங்கோ. மணம் வேறயாக் கிடந்தது. சீவியம் முழுக்கக் குசினியில நிண்டவனுக்கு உது தெரியாமப் போகுமோ? கடைக்குப் போய் நான் வழக்கமா வாங்கிற டப்பாவைத் திருப்பிப் பாத்தன். கடைக்காரப் பெடியன் நான் இருக்கக் கதிரை கொண்டந்து போட்டவன். எவ்வளவு நேரம் இருந்தன் எண்டு தெரியேல்லை."

"அண்ணே... எப்போ?"

"அவ ஆஸ்பத்திரியில கிடக்கேக்கயே."

"தெரிஞ்சுமா ரசம் வச்சீங்க?"

"நிப்பாட்டினா எனக்குத் தெரியும் எண்டு அவவுக்கு விளங்கிப்போடும். உங்களுக்குச் சாவி தந்தது அவவாத்தானே இருக்கோணும். எனக்குத் தெரியக் கூடாது எண்டு அவ எவ்வளவு பாடுபட்டவ. படுக்கையில கிடக்கிறவவிட்ட அதையும் பறிக்கிறதோ? அதுதான் ஒண்டும் தெரியாதவன் மாதிரி நானும் ஒவ்வொரு நாளும் கொண்டுபோனன்."

டாக்டர் சொன்னதை நான் சொல்ல ஆரம்பித்தேன், உறுதியாகச் சொல்ல முடியாது என்று. கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆறுதல் வேண்டாம். ஒரு உதவி செய்யுங்கோ. நீங்கள் எழுதுறனீங்கள்தானே? உதை எழுதுங்கோ. ஆரோ ஒருத்தன்ர வீட்டில இப்பவும் ஒரு மனுசி நோகுது எண்டு கிடப்பா. அவன் அன்பா அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பான்."

எழுதுகிறேன் என்றேன். ரயில் வருகிற ஓசை கேட்டது. என் பையை எடுத்துக் கொடுக்க எழுந்தவர், கொடுக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாத மாதிரிச் சிரிச்சுக்கொண்டிருந்தம், தங்கச்சி. அவ கண்ணை மூடேக்க நான் பக்கத்திலயும் இல்லை. ஒருக்காலாவது ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுதிருக்கலாம்."